கனமான எழுத்தும் கண்மட்டக் கோடும்



இன்றைய பேச்சைக் கேட்பதற்கு ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அளவுகோல் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் நல்லது. வானொலியில் படம் வரையச் சொல்லிக் கொடுப்பதா என்று சிலர் சிரிக்கக்கூடும். கரும்பலகை இல்லை, வெண்கட்டி இல்லை, நம் முகமும் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் இன்று சொல்லப்போகும் வித்தையில் பாதி கையில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது. கண் உங்களிடம் இருக்கிறது. ஆகவே தொடங்கலாம்.

சினிமாப் படத்தின் பெயரைக் கல்லில் செதுக்கியதுபோலக் கனமாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'பென்ஹர்' என்ற ஆங்கிலப் படம் 1959-இல் வந்தது. அதன் விளம்பரத்தில் பெயரே ஒரு மலைக்கோட்டை போல எழுந்து நிற்கும். தட்டையான தாளில் எழுதிய எழுத்துக்கு முன்பக்கம், பக்கவாட்டு, மேல்தளம் எல்லாம் எங்கிருந்து வந்தன? நீளம், அகலம் என்ற இரண்டோடு ஆழம் என்ற மூன்றாவதையும் சேர்த்துக் காட்டுவதால் இதை முப்பரிமாண எழுத்து என்கிறோம். தொலைவில் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தோன்றுவதைத் தாளில் காட்டும் முறையை ஓவியர்கள் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். நாம் இந்தப் பேச்சில் தூரத்தோற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நமது தோல்வியைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துவிட்டுத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில், கோயில் திருவிழாவுக்கு 'நல்வரவு' என்று ஒரு பெரிய துணிப் பலகை எழுதும் வேலையை நம்மிடம் ஒப்படைத்தார்கள். கல்லூரியில் ஓவியமும் ஒரு பாடமாக இருந்ததால் நமக்குத் துணிச்சல் அதிகம். ஐந்து எழுத்துக்கும் கனம் கொடுத்து, சிவப்பும் மஞ்சளும் பூசி, இரவெல்லாம் விழித்து முடித்தோம். காலையில் பலகையைத் தூக்கிக் கட்டியதும், பால்வெட்டு வேலையில் இருந்த ஒரு முதியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், எழுத்தெல்லாம் கள்ளுக்கடையிலேருந்து வந்தாப்பல ஆளுக்கொரு பக்கமா சாயுதே?" என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்துவைத்தோம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என்ன தவறு செய்தோம் என்பது நமக்கு விளங்கவே சில மாதங்கள் ஆயின.

அந்தப் பாடத்தை நமக்குக் கற்பித்தது நிரை. ஆம், கித்தா மரங்கள் வரிசையாக நிற்கும் அதே நிரைதான். மேட்டு நிலத்தில் நிரை வளைந்து வளைந்து போகும், அது உதவாது. சமநிலத்து நிரையின் நடுவில் நின்று நேரே பாருங்கள். இரண்டு பக்கத்து மரங்களுக்கும் இடையே உள்ள அகலம் எங்கும் ஒன்றுதான், நடந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் தூரத்தில் இரண்டு வரிசையும் நெருங்கி நெருங்கி ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தோன்றும். மரத்தின் அடிகளை இணைக்கும் கோடு மேல்நோக்கிப் போகிறது, உச்சிகளை இணைக்கும் கோடு கீழ்நோக்கி இறங்குகிறது, இரண்டும் அதே புள்ளிக்குத்தான் ஓடுகின்றன. அந்தப் புள்ளிக்கு மறைபுள்ளி என்று பெயர். கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களிலும் இதே காட்சிதான். செம்பனையை முக்கோண முறையில் நடுவதால், நின்ற இடத்திலேயே தலையைத் திருப்பினால் இன்னும் இரண்டு திசைகளில் இதேபோல வரிசைகள் தெரியும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு மறைபுள்ளி.

பட்டணத்துக்குப் போகிறவர்கள் குளுவாங்கிலோ சிகாமாட்டிலோ பழைய கடைவரிசையின் அஞ்சடியில் நின்று பார்க்கலாம். தூண்களின் அடி, தரையின் ஓரம், மேற்கூரையின் விளிம்பு எல்லாம் ஒரே இடத்துக்கு விரைகின்றன. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஓடும் ரயில் பாதை 1909-இல் முடிக்கப்பட்டது. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே எந்த இடத்தில் அளந்தாலும் ஒரு மீட்டர்தான். நிலைய மேடையிலிருந்து பார்த்தால் அந்த ஒரு மீட்டர் ஊசிமுனையாகிவிடுகிறது. மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும், பிள்ளைகளே. தண்டவாளத்தில் இறங்கி நின்று ஓவியம் கற்க வேண்டாம்.

இனி ஒரு சிறு சோதனை. வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, எதிரே நீண்டு போகும் பாதையைப் பாருங்கள். மறைபுள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது? பென்சிலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின் எழுந்து நின்று பாருங்கள். சமதரையானால் அந்தப் புள்ளியும் உங்களோடு எழுந்துவிட்டிருக்கும். அது எப்போதும் உங்கள் கண்ணின் உயரத்திலேதான் இருக்கும். அந்த உயரத்தில் குறுக்கே இழுக்கும் கோட்டைக் கண்மட்டக் கோடு என்கிறோம். கண்மட்டத்துக்குக் கீழே உள்ள பெட்டியின் மேல்தளம் நமக்குத் தெரியும், மேலே உள்ள பெட்டியின் அடித்தளம் தெரியும். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் மில்லோ டின்னின் மூடி சிறு பிள்ளைக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். அதே கதைதான்.

இப்போது தாளை எடுங்கள். 'ட' என்ற எழுத்தில் தொடங்குவோம். அதில் வளைவே இல்லை, ஆகையால் தொடக்கத்துக்கு அதைவிட நல்ல எழுத்து தமிழில் கிடையாது. தாளின் இடப்பக்கம், கீழ்ப்பகுதியில், விரல் தடிப்புக்கு இரட்டைக் கோடுகளாக 'ட' வரையுங்கள். நிற்கும் பட்டை ஒன்று, படுத்த பட்டை ஒன்று. எண்ணிப் பாருங்கள், ஆறு மூலைகள் இருக்கும். இப்போது தாளின் வலப்பக்கம், மேலே, எழுத்தைவிட உயரமான இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் மறைபுள்ளி. ஒவ்வொரு மூலையிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு அளவுகோலை வைத்து மெல்லிய கோடு இழுங்கள். மெல்லிய கோடு என்பதை மறக்காதீர்கள், பின்னால் அழிக்க வேண்டும். இடப்பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து போகும் கோடு எழுத்தின் முகத்தின்மேல் ஓடும். அது நம் கண்ணுக்கு மறைந்த பக்கம், ஆகவே அதை இழுக்கவே வேண்டாம். மீதி ஐந்து கோடுகள் நிற்கும்.

எழுத்து எவ்வளவு கனமாக வேண்டும் என்பதை இப்போது தீர்மானிக்கிறோம். உச்சியின் இடமூலையிலிருந்து போகும் கோட்டில் ஏதாவது ஓரிடத்தில் ஒரு குறி வையுங்கள். அந்தக் குறியிலிருந்து கிடையாக வலப்பக்கம் இழுத்தால் அடுத்த மூலையின் கோட்டில் முட்டும். முட்டிய இடத்திலிருந்து நேரே கீழே இறங்குங்கள், மூன்றாவது கோட்டில் முட்டும். பிறகு கிடையாக, பிறகு கீழே. முன்முகத்தில் எந்தக் கோடு கிடையோ அது பின்னாலும் கிடை, எது செங்குத்தோ அது பின்னாலும் செங்குத்து. மிச்சக் கோடுகளை அழித்துவிட்டு, பக்கவாட்டுக்கு மட்டும் பென்சிலால் நிழல் கொடுங்கள். தாளிலிருந்து எழுத்து எழுந்து வரும். முதல் முறை பார்க்கும்போது எந்தப் பிள்ளையும் "ஐ!" என்று சொல்லாமல் இருந்ததில்லை. ஆழத்தை அதிகம் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பட்டையின் தடிப்பளவு ஆழமே அழகு. அதற்குமேல் போனால் எழுத்து சவப்பெட்டி ஆகிவிடும்.

'ட' வந்தால் 'ப' வரும், 'பட்டம்' என்று சொல் எழுதலாம். சொல் என்று வந்துவிட்டால் ஒரு விதி உண்டு. எழுத்துகள் எத்தனையாக இருந்தாலும் மறைபுள்ளி ஒன்றுதான். 'நல்வரவு' பலகையில் நாம் செய்த தவறு இதுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாகப் பக்கவாட்டு வரைந்தோம், ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி ஒரு புள்ளியை நோக்கிப் போனது. முதியவரின் கண் அதை நொடியில் பிடித்துவிட்டது. அவர் பல்லாண்டுகள் நிரையில் நடந்தவர், கோடுகள் எங்கே சேர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வளைந்த எழுத்துகளான 'அ', 'இ', 'ழ' ஆகியவற்றுக்கு மூலை கிடையாது, கோடு எங்கிருந்து இழுப்பது என்று கேட்பீர்கள். வளைவின்மேல் ஒரு விரல்கடை இடைவெளிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும். பின்முகத்தையும் அப்படியே புள்ளி புள்ளியாகப் பிடித்து, பிறகு கையால் இணைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. பழைய கோயில் பலகைகளில் 'லை', 'ணை' போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கைபோல மேலே சுருண்டிருக்கும். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்ட பிறகு அந்தச் சுருள்கள் போயின, பின்னர் நமது நாட்டுப் பள்ளி நூல்களும் மாறின. அந்தத் துதிக்கைக்குக் கனம் கொடுத்துப் பழகிய ஓவியர்களின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்திருக்கும் என்று நாம் வியப்பதுண்டு.

சொல் நமக்கு நேரே நிற்காமல், லோரியின் பக்கப் பலகையில் எழுதியதுபோல ஓரமாகச் சாய்ந்து போனால்? அப்போது எழுத்தின் உயரம் மட்டுமல்ல, அகலமும் வரவரச் சுருங்க வேண்டும். எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதற்கு ஒரு வேலிக்கால் கணக்கு இருக்கிறது. மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடுமாக மறைபுள்ளிக்கு இழுங்கள். அவற்றுக்கிடையே முதல் காலையும் இரண்டாம் காலையும் நட்டுக்கொள்ளுங்கள். முதல் காலின் உச்சியிலிருந்து இரண்டாம் காலின் நடுவைத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு இழுத்தால், அது கீழ்க்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் மூன்றாம் கால். இரண்டாம் காலின் உச்சியிலிருந்து மூன்றாவதின் நடுவழியாக இழுத்தால் நான்காவது. காலுக்கும் காலுக்கும் இடையே ஓர் எழுத்து. இதைத் தெரிந்துகொண்டால் உத்தேசமாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

இந்த விதிகள் இத்தாலி நாட்டு ஃபுளோரன்ஸ் நகரில் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயின. அந்நகரின் பெரிய தேவாலயத்துக்குக் கவிகை கட்டிய புருனெல்லெஸ்கி என்பவர், ஒரு சிறு பலகையில் கட்டடம் ஒன்றை வரைந்து, அதில் ஒரு துளையிட்டு, கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்க்கவைத்து, படமும் உண்மைக் கட்டடமும் பொருந்துகின்றன என்று காட்டினார். 1435-இல் அல்பெர்ட்டி என்ற அறிஞர் விதிகளை நூலாக எழுதினார். ஓவியம் என்பது திறந்த சன்னல் போன்றது என்பது அவர் கருத்து. நீங்களும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், சன்னல் கண்ணாடியின்மேல் சவர்க்காரத் துண்டால் வெளியே தெரிவதை வரைந்து பார்க்கலாம். (அம்மா திட்டினால் நம்மைச் சொல்ல வேண்டாம்.)

நமக்கு இவர்களையெல்லாம்விட ஜெர்மனி நாட்டு டியூரர்தான் பிடித்தவர். 1525-இல் அவர் வெளியிட்ட அளவியல் நூலில் எழுத்துகளைப் பற்றியே ஒரு பகுதி உண்டு. உயரமான தூணில் மேலிருந்து கீழாக வரிகள் பொறிக்க வேண்டும் என்று வையுங்கள். எல்லா வரியும் ஒரே அளவாக இருந்தால், கீழே நிற்பவனுக்கு மேல்வரி பொடியாகத் தெரியும். ஆகவே மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அப்போதுதான் எல்லா வரியும் சமமாகத் தோன்றும் என்று கோணக் கணக்குப் போட்டுக் காட்டினார். பொய்யாக எழுதினால்தான் மெய்யாகத் தெரியும்! 1533-இல் ஹோல்பைன் வரைந்த 'தூதர்கள்' என்ற ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதன் அடியில் நேரே பார்த்தால் ஏதோ கோணலான கறை. ஓரத்தில் நின்று பார்த்தால் அது மண்டையோடு.

படம் வரைந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளுமா என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கையால் எழுதும் பலகைகளின் இடத்தைக் கணினியில் அச்சிடும் பதாகைகள் பிடித்துக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது. பலகை எழுதிக் குடும்பம் நடத்தலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்வதில்லை. அந்தத் தாய்க்கும் அன்று நம்மிடம் சரியான பதில் இருக்கவில்லை. ஆனால் அவருடைய மகளின் காரணமாகத்தான் இந்த வித்தை நமக்கு உண்மையில் தேவைப்பட்டது.

நமது பள்ளியின் முன்னால் தோட்டத்துச் சாலை ஒரு வளைவைக் கடந்து நேராக வருகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஆலைக்குப் போகும் வழி அது. ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில் இரண்டாம் ஆண்டு படித்த அந்தப் பெண் சாலையைக் கடக்கையில் லோரி வந்துவிட்டது. ஓட்டுநர் திருப்பிவிட்டார். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. அவள் கையிலிருந்து விழுந்த தண்ணீர்ப் புட்டி மட்டும் சக்கரத்தின் அடியில் தகடாகிப் போனது. அதை அந்தத் தாய் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் நமக்கு மறக்கவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடியது. அலுவலகத்தில் அனுமதி கேட்டு, வெள்ளைச் சாயம் வாங்கி, தார்ச்சாலையில் 'பெர்லஹான்' என்று மலாய் மொழியில், ரூமி எழுத்தில் எழுதினோம். மெதுவாகப் போ என்று பொருள். ஓட்டுநர்கள் எல்லா இனத்தவரும் ஆதலால் அந்த மொழியே பொருத்தம். ('அவாஸ்' என்று எழுதியிருந்தால் நான்கே எழுத்து, சாயம் மிஞ்சியிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.) ஒவ்வோர் எழுத்தும் ஓரடி அகலம், நான்கடி நீளம். அளவெடுத்து அழகாக எழுதினோம். லோரிகள் முன்போலவே பறந்தன. ஓர் ஓட்டுநரை நிறுத்திக் கேட்டோம். "எழுத்தா? சுண்ணாம்பு மூட்டை ஒழுகிப் போச்சுன்னு நெனச்சேன் சார்" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் இருப்பதாக வைப்போம். எழுத்து நூறடி தூரத்தில் தொடங்குகிறது, நூற்று நான்காவது அடியில் முடிகிறது. கண்ணிலிருந்து எழுத்தின் கடைசி ஓரத்துக்கு ஒரு கயிறு கட்டினால், எழுத்து தொடங்கும் இடத்தில் அந்தக் கயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? நான்கை எட்டால் பெருக்கி நூற்று நான்கால் வகுத்தால் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. அதாவது ஓரடி அகலமும் நான்கு அங்குல உயரமும் கொண்ட நசுங்கிய எழுத்தைத்தான் அவர் கண்டார். அதுவும் ஓடுகிற ஓட்டத்தில். பொதுச்சாலைகளில் சாயமிடும் எழுத்துகள் ஆளைவிட நீளமாக, சோளக்கொல்லைப் பொம்மைபோல ஏன் இழுத்துவிடப்பட்டிருக்கின்றன என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. டியூரரின் தூணைப் படுக்கவைத்தால் அதுதான் சாலை.

நீளத்தைப் பதின்மூன்று அடியாக்கினால்? பதின்மூன்றை எட்டால் பெருக்கி நூற்றுப் பதின்மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய பதினோரு அங்குலம். ஓரடி அகலத்துக்குச் சரியான உயரம். மோட்டார் காரில் வருபவரின் கண் நான்கடிதான் என்று கொண்டால் அவருக்கு ஐந்தரை அங்குலமே தெரியும். ஆனால் நமது அச்சம் லோரியைப் பற்றியது.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் தாளில் குறுக்கே நான்கு, நெடுக்கே ஆறு கட்டங்களில் வரைந்தார்கள். சாலையில் ஒவ்வொரு கட்டமும் மூன்று அங்குல அகலம், இருபத்தாறு அங்குல நீளம். உண்மையில் தூரத்துக் கட்டங்களை இன்னும் சற்று நீட்ட வேண்டும், பதின்மூன்று அடிக்குள் அந்த வேறுபாடு பெரிதல்ல என்று விட்டுவிட்டோம். பிள்ளைகளைத் திகைக்கவைத்தது வேறொன்று. எழுத்தின் நிற்கும் கோடு மூன்று அங்குலத் தடிப்பு, ஆனால் படுத்த கோடு இருபத்தாறு அங்குலத் தடிப்பு. 'இது கோடா, பாயா?' என்று ஒருவன் கேட்டான். எல்லாம் சேர்ந்தே நீள வேண்டும், ஒன்றை மட்டும் நீட்டினால் மற்றது மறைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலையின் இரு முனையிலும் பெரியவர்கள் சிவப்புத் துணியோடு காவல் நிற்க, சுண்ணாம்பில் தோய்த்த கயிற்றைப் பிடித்து அடித்துக் கோடு போட்டோம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் அந்தத் தாய்தான். அருகில் நின்று பார்த்தபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "என்ன சார், ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கே" என்றார். பக்கத்தில் நின்றால் நமக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் சுண்ணாம்பு மூட்டை என்று சொன்ன அதே ஓட்டுநர் லோரியை நிறுத்தி, தம் பக்கத்து இருக்கையில் நம்மை ஏற்றிக்கொண்டார். வளைவு வரை பின்னால் போய், திரும்பி மெல்ல வந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளையாக ஏதோ. நூறடிக்குச் சற்று முன்னால், யாரோ எழுந்து நின்றதுபோல, எட்டு எழுத்தும் நிமிர்ந்தன. "இப்பப் படிக்குது சார்" என்றார் அவர்.

எல்லா லோரியும் வேகத்தைக் குறைக்கிறது என்று நாம் சொல்லமாட்டோம். பல குறைக்கின்றன. குறையாதவற்றுக்காக, பள்ளி விடும் நேரத்தில் இன்றும் ஒருவர் கொடியோடு நிற்கிறார். மழையிலும் சக்கரத்திலும் சாயம் தேய்ந்துவிடுகிறது, முதலில் போவது சக்கரம் ஓடும் தடத்தில் உள்ள எழுத்துகள்தான். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை ஆறாம் ஆண்டு மாணவர்கள் கட்டம் போட்டுப் பெரியவர்களோடு மறுபடி எழுதுகிறார்கள். உங்கள் தோட்டத்திலும் எழுத நினைத்தால், சாலையில் எழுதுமுன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். தோட்டத்துக்கு வெளியே உள்ள சாலை பொதுப்பணித் துறையின் பொறுப்பு, அதில் நாமாக எழுதக்கூடாது. எழுதும் நாளில் பிள்ளைகளை நடுச்சாலையில் தனியே விடாதீர்கள். அளவு சரியா என்று தெரிந்துகொள்ள, முதலில் ஒரே ஓர் எழுத்தை வெண்கட்டியால் வரைந்து, ஒரு லோரியில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். சாயத்தை அப்புறம் திறக்கலாம்.